ஐப்பசி மீனும் தீபாவளி முயலும்

தீபாவளிக்கு மூணு நாள் லீவு போட்டுட்டு சென்னையில இருந்து வந்திருந்தான் சித்தப்பா பையன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீர்னு கேட்டான்.

"அண்ணா, இந்த சீசன்ல மீன் பிடிக்க, வேட்டைக்குப் போக நம்ம பக்கம் நல்ல இடம் எதுண்ணா? வெளிநாட்டுல எல்லாம் இலையுதிர் காலம் வந்தா தூண்டிலும் துப்பாக்கியும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறாங்க."

"வேட்டைக்குப் போனா அப்புறம் போற இடம் ஒண்ணுதான்டா. ஜெயில்" என்றேன். சிரித்தான். மீனுக்கு மட்டும் ஒரு இடம் காட்டுறேன், சாயங்காலம் வா என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் அவன் கேட்டது மனசிலேயே நின்றுவிட்டது. ஏன்னா இந்தக் கேள்விக்கு எங்க பக்கத்தில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். யார் பிடிக்கலாம், எப்போ பிடிக்கலாம், பிடிச்ச காசு எங்கே போகும் என்ற மூணு கேள்விக்கும் அந்தந்தக் காலத்தில் யார் பதில் சொன்னார்களோ அவர்கள் கையில்தான் ஏரியும் இருந்தது. அந்தக் கதையைத்தான் இன்னிக்கு எழுதப்போறேன். நடுவில் எங்க வீட்டுக் கதை ஒண்ணும் வரும். அதை இதுவரைக்கும் நான் எங்கேயும் எழுதினதில்லை.

நம்ம ஊர் இலையுதிர் காலம்

நமக்கு இலை உதிர்வது மாசி, பங்குனியில். வெளிநாட்டுக்காரன் இலையுதிர் காலம் என்று சொல்கிற அக்டோபர், நவம்பர் நமக்கு ஐப்பசி, கார்த்திகை. பழைய தமிழ்க் கணக்கில் இதுக்குப் பெயர் கூதிர். வருஷத்தை ஆறு பொழுதாகப் பிரித்ததில் கார் முடிந்து முன்பனி தொடங்குவதற்கு நடுவில் உள்ள இரண்டு மாசம்.

எங்க மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்துக்கு இந்த ரெண்டு மாசம்தான் உயிர். காவிரிக் கரைக்காரங்களுக்கு மேட்டூர் இருக்கு. எங்களுக்கு வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. பாலாறு பேருக்குத்தான் ஆறு, பெரும்பாலான நாள் மணல்தான். வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டும். அதைப் பிடித்து வைக்க எங்க முன்னோர் கட்டினதுதான் ஏரி. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு ரெண்டு மாவட்டத்திலும் அரசாங்கத்தின் நீர்வளத்துறைக் கணக்கில் உள்ளதே தொள்ளாயிரத்துக்கு மேல். ஒன்றியக் கணக்கில் இருக்கிற சின்ன ஏரிகள் அதைவிட அதிகம்.

இந்த ஏரிகள் தனித்தனியா இல்லை. சங்கிலி மாதிரி கோத்திருக்கும். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். "ஏரி கோடி போகுது" என்று சொன்னால் ஊரே கலங்கலுக்கு ஓடும். தண்ணியைப் பார்க்க மட்டும் இல்லை, மீனுக்கும்தான்.

தண்ணி மேலிருந்து கீழே வரும்போது மீன் கீழிருந்து மேலே ஏறும். புதுத் தண்ணியின் வாசம் பட்டதும் கெளுத்தி, கெண்டை, விரால் எல்லாம் எதிர்நீச்சல் போட்டு முட்டை விட இடம் தேடிக் கிளம்பும். ஒரு சாண் தண்ணியில் முதுகு தெரிய ஏறி வரும். கலங்கல் கல்லில் எகிறி எகிறி விழும். ஏத்துமீன் என்று சொல்லுவோம். கோடையில் கட்டாந்தரையா வெடிச்சுக் கிடந்த ஏரிக்கு மீன் எங்கே இருந்து வந்துச்சுன்னு பட்டணத்துப் பிள்ளைங்க கேப்பாங்க. பாதி இப்படிக் கீழிருந்து ஏறி வந்தது. மீதி சேத்துக்குள்ளேயும் மடுவுலேயும் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது. விராலும் குறவையும் வெளிக்காத்தை மூச்சு வாங்குற சாதி, லேசில் சாகாது.

அப்போ சம்பா நட்ட வயலிலும் தண்ணி நிக்கும். வரப்பு ஓரம் நண்டு, நத்தை. மழை விட்ட மறுநாள் சாயங்காலம் புத்துல இருந்து ஈசல். வெள்ளத்துக்குப் பயந்து வரப்பு மேட்டில் ஏறின வயல் எலி. வடக்கே இருந்து வந்து இறங்குகிற வாத்து, உள்ளான். ஏரி மரத்தில் கூடு கட்டுகிற நாரை, கொக்கு, நீர்க்காகம். தானியம் இன்னும் வீட்டுக்கு வராத, போன வருஷ நெல் காலியாகப் போகிற மாசம் இது. அந்த மாசத்தில் ஏழை வீட்டுச் சட்டியில் குழம்பு கொதித்தது இந்த வேட்டையால்தான். விளையாட்டுக்குச் செய்ததில்லை.

பாசிப்பாட்டம்

உத்திரமேரூர் கல்வெட்டு எல்லாருக்கும் தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921. குடவோலை முறையில் வாரியத்துக்கு ஆள் எடுத்ததைச் சொல்கிற கல்வெட்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் தேர்தலைப் பற்றி மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். அதில் வருகிற வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏரியைப் பார்த்துக்கொள்ள வருஷா வருஷம் ஆள் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அங்கே இருக்கிற வைரமேகத் தடாகம் அதற்கும் முன்னால் பல்லவர் காலத்தில் வெட்டினது.

ஏரிக்குச் செலவு உண்டு. தூர் எடுக்கணும், கரை போடணும், மதகு சரி பண்ணணும். அதற்குத் தங்கமும் நிலமும் விட்ட கல்வெட்டுகள் நம்ம பக்கம் நிறைய. இன்னொரு வரும்படியும் இருந்தது. பழைய வரிப் பட்டியலில் பாசிப்பாட்டம் என்று ஒரு பெயர் வரும். ஏரி, குளத்தில் மீன் பிடிப்பதற்குக் கட்டுகிற பாட்டம் அது. மீனில் வந்த காசை அந்த ஏரியின் பராமரிப்புக்கே விட்டதைச் சொல்கிற கல்வெட்டுகளும் தமிழ்நாட்டில் உண்டு. அதாவது ஏரி போட்ட மீன் ஏரிக்கே சோறு போட்டது.

இன்னிக்கும் ஏல நோட்டீஸ் ஒட்டும்போது "மீன்பாசி குத்தகை" என்றுதான் போடுவார்கள். ஏன் பாசி என்று கேட்டால் ஒட்டுகிறவருக்கே தெரியாது. வார்த்தை மட்டும் ஆயிரம் வருஷமா மாறலை. காசு போகிற இடம் மாறிடுச்சு. அதுக்குக் கடைசியில் வரேன்.

இதைப் படிச்சிட்டு "ஆகா, பொற்காலம்" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். அந்தக் குடவோலையில் பெயர் எழுதணும்னா வரி கட்டுகிற நிலம் இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும். சேத்தில் இறங்கி மீன் பிடிச்சவன் பெயர் அந்தக் குடத்துக்குள்ள போனதே இல்லை. ஏரி காசு ஏரிக்குப் போச்சு என்பது நிஜம். எல்லாருக்கும் சமமா போச்சுன்னு அர்த்தம் இல்லை.

வேடன் தாங்கல்

மதுராந்தகத்தில் இருந்து கிட்டத்தில்தான் வேடந்தாங்கல். பெயரைப் பிரித்துப் பாருங்க, வேடன் தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி. வேட்டைக்காரன் ஏரி என்ற பெயரில் இருக்கிற இடம்தான் நாட்டிலேயே ரொம்பப் பழைய பறவைக் காப்பிடம். அந்தக் காலத்தில் இங்கத்திய நிலப் பிரபுக்கள் பறவை வேட்டைக்கு வருகிற இடமாக இருந்ததாம்.

1780-ல் ஹைதர் அலி படை இந்தச் சீமையில் புகுந்தபோது ஊர்கள் அழிந்தன, ஏரிகள் பராமரிப்பு இல்லாமல் கிடந்தன. அதற்கப்புறம் 1794-லிருந்து 1798 வரைக்கும் இங்கே கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் நின்று காத்ததை நேரில் பார்த்ததாக ஒரு கதை உண்டே, ஏரி காத்த ராமர் கோயில் கதை, அந்தத் துரை இவர்தான். கதை எப்படியோ, ஏரிகளைச் சரி பண்ணுவதில் அந்த ஆள் மெனக்கெட்டது உண்மை.

அவர் காலத்தில்தான் வேடந்தாங்கல் ஊர் ஜனங்கள் போய் முறையிட்டார்கள். கும்பினிச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டிருக்கிறார்கள். ஊருக்கு ஏன் கோபம்? பறவை மேல இருக்கிற பாசம் மட்டும் இல்லை. பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் பாயும்போது அதுவே உரம். அந்தத் தண்ணி பாயுற நிலத்துல நெல் எப்படி நிக்கும்னு பக்கத்து ஊர்க்காரன் கண்ணால பார்த்திருக்கான். ஆயிரக்கணக்கான நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுற இடம் அவங்களுக்கு உரக் கிடங்கு. அதுல ஒருத்தன் வந்து சுட்டா சும்மா இருப்பாங்களா?

1798-ல் பிளேஸ் துரை கவுல் எழுதிக் கொடுத்தார். இந்த ஏரியில் பறவையை யாரும் சுடக்கூடாது, தடுக்க ஊருக்கு உரிமை உண்டு என்று. 1858-ல் அந்த உரிமையை மறுபடி உறுதி பண்ணினார்கள். 1936-ல் அரசாங்கம் சரணாலயமாக அங்கீகரித்தது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஏரி என்னவோ 30 ஹெக்டேர்தான், நம்ம கணக்கில் எழுபத்தஞ்சு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் காப்பாற்றியது சட்டம் என்று போர்டில் எழுதியிருக்கும். சட்டம் வருவதற்கு முன்னாலேயே ஊர் காப்பாற்றிக்கொண்டு இருந்தது. சட்டம் ஊர் பக்கம் நின்றது, அவ்வளவுதான். அதனால் அது இருநூறு வருஷம் தாண்டியும் நிக்குது.

அதே 1858-ல் சென்னை மாகாணத்தில் இன்னொரு சட்டமும் வந்தது. குடிமராமத்து வேலைக்கு வராதவனைக் கட்டாயப்படுத்துகிற சட்டம். ஏரி மராமத்துக்கு ஊர் ஜனம் தானா வந்த வழக்கம் அதற்குள்ளாகவே தளர்ந்துபோயிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஏரியின் வரும்படியும் அதிகாரமும் ஊரை விட்டுப் போய்விட்டது, மண்வெட்டி மட்டும் ஊர்க்காரன் எடுத்துக்கொண்டு வரணும் என்றால் எவன் வருவான்?

துரைமார் சுட்ட உள்ளான்

வேடந்தாங்கலுக்குக் கவுல் கிடைத்தது. மத்த ஏரிக்கெல்லாம் கிடைக்கவில்லை. பட்டணத்துத் துரைமாருக்கு செங்கல்பட்டு வயல்கள் கைக்கெட்டின வேட்டைக்காடு. ஐப்பசியில் நீர் நிற்கிற நெல் வயலில் உள்ளான் இறங்கும். கையகலக் குருவி, நீண்ட மூக்கு. சேத்து நிறத்தில் இருப்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. திடுக்கென்று எழும்பி வளைந்து வளைந்து பறக்கும். அதைச் சுடுவது கஷ்டம் என்பதால் துரைமாருக்கு அது பெருமை. ஒளிந்திருந்து குறி பார்த்துச் சுடுகிறவனை ஸ்னைப்பர் என்கிறோமே, அந்த வார்த்தை பிறந்ததே 1770-களில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் உள்ளான் சுட்டதில்தான். உள்ளானுக்கு இங்கிலீஷில் ஸ்னைப்.

அப்புறம் சட்டம் மேல் சட்டம். 1878-ல் ஆயுதச் சட்டம் வந்து துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணும் என்றாச்சு. 1882-ல் சென்னை வனச் சட்டம். 1912-ல் பறவை, மிருகங்களை எந்த மாசத்தில் கொல்லக்கூடாது என்று சொல்கிற சட்டம். எல்லாமே வேட்டையை ஒழிக்க வந்த மாதிரி தெரியும். கொஞ்சம் உத்துப் பார்த்தா, துப்பாக்கியும் லைசென்ஸும் வைத்திருந்தவன் வேட்டை "விளையாட்டு" ஆச்சு. கண்ணி வைத்தவன் வேட்டை "திருட்டு" ஆச்சு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்க வீட்டுத் திண்ணையில் பார்த்தேன்.

தீபாவளி முயல்

எங்க தாத்தாகிட்ட ஒத்தைக் குழல் துப்பாக்கி ஒண்ணு இருந்தது. பயிர்க் காவலுக்கு என்று வாங்கின லைசென்ஸ். பயிருக்கு அது எதைக் காத்ததோ தெரியாது, ஐப்பசியில் வாத்து சுடத்தான் நான் பார்த்திருக்கேன். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், எண்பதுகளில் நான் சின்னப் பையனாக இருந்தபோதும், அந்தத் துப்பாக்கி வருஷத்துக்கு ரெண்டு மூணு தரம் வெடிக்கும்.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர் குடிசைகள் ஏழெட்டு. அதில் ஒரு பெரியவர் எங்க வயலுக்கு எலி பிடிக்க வருவார். ஒரு பக்கம் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, வளையில் வாயை வைத்துப் புகையை ஊதுவார். எந்த வளையில் எலி இருக்கு, எதில் பாம்பு இருக்கு என்று மண்ணை மோந்தே சொல்லிவிடுவார். எலி அவருக்கு. வளையில் எலி சேர்த்து வைத்திருக்கிற நெல்லும் அவருக்கு. அதுதான் கூலி. பயிரைத் தின்கிற எலியைப் பிடித்துக்கொடுத்ததற்கு எங்க வீட்டில் இருந்து தனியா ஒரு பைசா போனதில்லை. நாங்க சின்னப் பசங்ககூட அவரைப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிடுவோம். எங்க தாத்தா வயசு அவருக்கு. இன்னிக்கு நினைச்சா கூசுது.

ஒரு வருஷம் தீபாவளிக்கு அத்தை வீட்டுக்காரங்க வந்திருந்தார்கள். தாத்தா அவரைக் கூப்பிட்டு "ரெண்டு முயல் கொண்டாந்து போடு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் ராத்திரி கண்ணி வைத்து முயல் பிடித்துக்கொண்டு வருகிற வழியில் மாட்டிக்கொண்டார். அவர் கோணியில் ஒரு உடும்பும் இருந்ததாம். அதே வாரம்தான் எங்க தாத்தா மூணு வாத்து சுட்டார். பிடித்த அதிகாரியில் ஒருத்தர் அதற்கு முந்தின நாள் எங்க வீட்டில்தான் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

யாருக்காகப் பிடிச்சேன்னு கேட்டு அடிச்சிருக்காங்க. அவர் எங்க வீட்டுப் பேரைச் சொல்லவே இல்லை. எங்க வீட்டிலிருந்தும் ஒருத்தரும் போகலை. "அவனுக்கு இதெல்லாம் பழக்கம்டா" என்று தாத்தா சொன்னார். பதினஞ்சு நாள் கழித்துத்தான் வந்தார். அப்புறமும் எலி பிடிக்க வந்தார். ஆனா எங்க வீட்டு வாசல்ல வந்து உட்காரவே இல்லை. எங்க பாட்டி மட்டும் ஒரு படி அரிசி எடுத்துக்கிட்டு அந்தக் குடிசைக்குப் போனாங்க. அவர் பொண்டாட்டி வாங்க மாட்டேன்னுட்டாங்களாம். பாட்டி சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாங்க.

சட்டத்தை நான் குறை சொல்லலை. அந்தச் சட்டம் வரலைன்னா இன்னிக்கு நாரை ஏது, மான் ஏது. ஆனா அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. எலி, சுண்டெலி, காக்கா, பழந்தின்னி வௌவால் இதெல்லாம் கொன்றால் குற்றமில்லாத தீங்குப் பிராணிகள். ஐப்பசிக் காட்டில் இருந்த எல்லாவற்றிலும் இருளருக்குச் சட்டம் மிச்சம் வைத்தது எலி மட்டும்தான். ஊரும் அவங்களுக்கு விட்டுவைத்தது அதே எலியைத்தான்.

பாம்புக்காரர்கள்

இருளருக்கு இன்னொரு பிழைப்பு பாம்புத் தோல். பல வருஷம் அதைத்தான் வியாபாரிக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். வியாபாரி கொடுத்தது சொற்பம். 1972 சட்டமும், 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் வந்து அதுவும் நின்றது. கையில் இருந்த ஒரே வித்தை ஒரே நாளில் குற்றமாகிப்போனால் என்ன பண்ணுவார்கள்? நிறையப் பேர் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிப் போய்க் கொத்தடிமையா மாட்டினார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1976-ல் வந்ததுதான். அதற்கப்புறமும் எத்தனை குடும்பத்தை மீட்டார்கள் என்று பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒரே ஒரு நல்ல கதை இருக்கு. 1978-ல் ராமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கு, முதலைப் பண்ணைக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தில்தான் பாம்புக்கடி மருந்து தயாராகுது. வயலில் கடிபட்ட எத்தனையோ விவசாயி உயிரோட வீட்டுக்கு வந்ததில் இருளர் கைக்குப் பங்கு உண்டு. 2017-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே வித்தை. அதே ஜனம். யாரிடம் கேட்டு, எந்த ஏற்பாட்டில் செய்யணும் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசினபோது குற்றம் மருந்தாச்சு. வேடந்தாங்கலில் நடந்ததும் இதுதானே?

மீன் எங்கே போச்சு, காசு எங்கே போச்சு

மீன் கதைக்கு வரேன். இப்போ எங்க பக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி அரசாங்கத் துறைக் கையில், அதற்குக் கீழே உள்ளது ஒன்றியத்தின் கையில். மீன்பாசி குத்தகை ஏலத்தில் போகும். எடுக்கிறவர் எங்கேயோ இருந்து வருவார். லாரியில் கட்லா, ரோகு குஞ்சு வந்து இறங்கும். அவர் போட்ட பணத்தை எடுக்கணும், அவரைக் குறை சொல்லி என்ன பண்றது. தண்ணி சீக்கிரம் வத்தினாத்தான் மீனை வாரலாம் என்று நினைக்கிற குத்தகைதாரருக்கும், தை மாசம் வரைக்கும் தண்ணி வேணும் என்கிற எங்களுக்கும் மதகுகிட்ட வருஷா வருஷம் சண்டை. குத்தகைக் காசு கஜானாவுக்குப் போகுது. மதகுக் கதவு துருப்பிடித்து ஒழுகுது. கோணி வைத்து அடைக்கிறோம்.

இதற்கு நடுவில் நாட்டு மீன் போய்விட்டது. அதில் என் மாதிரி விவசாயிக்கும் பெரிய பங்கு. எழுபதுகளில் எங்க அப்பா எண்ட்ரின் அடித்த மறுநாள் வாய்க்காலில் குறவையும் கெண்டையும் வெள்ளையாக மிதந்ததைச் சொல்வார். வயலில் நண்டு போச்சு, நத்தை போச்சு. 1952-ல் வெளியிலிருந்து கொண்டுவந்த ஜிலேபி மீன் இன்னிக்கு எல்லா ஏரியிலும் அதுவே ராஜா. தடை பண்ணின ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் திருட்டுத்தனமா வளர்த்து, வெள்ளத்தில் அது ஏரிக்குள் வந்து, அகப்பட்டதை எல்லாம் தின்னுது. அயிரை பார்த்து எத்தனை வருஷமாச்சு என்று எனக்கே நினைவில்லை.

எங்க ஊரில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. கலங்கலில் ஏத்துமீன் பிடிக்கும்போது முழு அகலத்துக்கும் வலை கட்டக்கூடாது. ஒரு ஓரம் ரெண்டு முழம் திறந்து விடணும். சினை மீன் மேலே போகணும் என்பதற்காக. ஊத்தாவும் பறியும் வைக்கலாம், வயலில் வந்த மீன் வயலில் இறங்கினவனுக்கு. ஏரிக்குள்ளே மட்டும் கோடையில் தண்ணி வத்துகிற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது. எழுதின சட்டம் இல்லை. மீறினவனைக் கிழவிகள் திட்டுகிற திட்டே போதும். இப்போ கொசுவலையைக் கலங்கல் முழுக்க இழுத்துக் கட்டுகிறார்கள். விரல் நீளக் குஞ்சுகூடத் தப்பாது. திட்டக் கிழவியும் இல்லை. ஏரி நம்மளுது இல்லைன்னு ஆனப்புறம் எந்தக் கிழவி திட்டுவா?

போன கிராம சபையில் நான் எழுந்து ரெண்டு விஷயம் கேட்டேன். குத்தகைக் காசில் பாதியாவது இந்த ஏரி மதகுக்குச் செலவு பண்ண வழி இருக்கா? கலங்கலில் ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசம் மீன் பிடிக்கிற உரிமையை ஏரிக்கரை இருளர் குடும்பங்களுக்கு விட்டால் என்ன, கொசுவலை கட்டாமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் அவங்களுக்கே? முதல் கேள்விக்குக் கை தட்டினார்கள். ரெண்டாவதுக்கு யாரும் பேசலை. கடைசியில் "பார்க்கலாம்" என்றார்கள். கிராம சபையில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். தை மாசக் கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.

சாயங்காலம் தம்பியைக் கலங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் தண்ணியில் நாலு பேர் ஊத்தா போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தர் அந்தப் பெரியவரின் மகன். அவருக்கே இப்போ அறுபது தாண்டிவிட்டது. தம்பி ஆசையாகக் கேட்டான், "நானும் போடட்டுமாண்ணா?"

"என்கிட்ட கேக்காதே, அவர்கிட்ட கேளு. அவரு இடம் இது" என்றேன்.

அவன் போய் "ஐயா, நான் ஒரு தரம் போட்டுப் பார்க்கட்டுங்களா?" என்று கேட்டான். அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லாமல் ஊத்தாவை நீட்டினார். எப்படிப் பிடிக்கணும், எந்தப் பக்கம் கை விடணும் என்று காட்டிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் தம்பிக்கு மாட்டினது ஒரே ஒரு கெளுத்தி. முள் குத்தி ரத்தம் வேறு. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கிளம்பும்போது அவர்கிட்ட ஒரு கிலோ மீன் வாங்கினோம். சொன்ன விலையைக் கொடுத்தேன். தம்பி பிடித்த கெளுத்தியை அவர் கையில் எடுத்துப் பார்த்தார். வயிறு உப்பி இருந்தது. "சினையா இருக்குதுப்பா" என்று சொல்லி, கலங்கலுக்கு மேல் பக்கம், ஏரிக்குள்ளே விட்டுவிட்டார்.